மதுரம் எங்கே போயிற்று

தக்கலையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்க வருகிறவர்கள், கண்ணாடிபோல் மின்னும் கருந்தரையையும் மரவேலைப்பாடுகளையும் கண்டு வியந்தபின், ஊட்டுப்புரை என்னும் நீண்ட இரு மாடிக் கூடத்துள் நுழைந்து, மாடிக்கு ஆயிரம் பேராக அமர்ந்து உண்ட இடம் இது என்று கேட்டு அதன் நீளத்தில் மனம் லயித்து நின்றுவிடுவார்களேயன்றி, அங்கே வைத்திருக்கும் பெரிய ஊறுகாய்ச் சாடிகளை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. 1795-ஆம் ஆண்டு வரையில் திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த அந்த ஊரில், பாயசமும் பிரதமனும் ஓடிய பந்திகளுக்கு இத்தனை பெரிய சாடிகளில் புளிப்பும் உறைப்பும் எதற்கு என்ற கேள்வி எனக்கும் வெகு நாள் தோன்றியதில்லை. சுவையைப் பற்றிய விஞ்ஞானக் கட்டுரைகளைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான், அந்தச் சாடிகள் என் மனத்தில் வேறு அர்த்தம் பெற்றன.

நாஞ்சில் நாட்டுக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தச் சாடிகளின் பயனை விளக்கவேண்டியதில்லை. சாம்பாரும் புளிசேரியும் கடந்து, அடைப்பிரதமன் இலையில் விழுந்து, அதில் பழத்தையும் பப்படத்தையும் பிசைந்து உண்டு, அது முடியுமுன் பால் பாயசம் வந்து, அதற்குத் துணையாகப் போளியும் வந்து சேரும் அந்தக் கட்டத்தில், பழக்கமுள்ள பெரியவர்கள் செய்யும் காரியம் ஒன்று உண்டு. இலையின் ஓரத்தில் வைத்த இஞ்சிக்கறியையோ நார்த்தங்காய் ஊறுகாயையோ விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, அதன் பின்னரே மறுபடியும் பாயசத்துக்குக் கை நீட்டுவார்கள். முதல் வாயில் தேனாக இருந்த பிரதமன் ஐந்தாவது வாயில் வெறும் கனமாகத் தங்கிவிடுவதையும், இஞ்சியைத் தொட்டபின் ஆறாவது வாய் மறுபடியும் முதல் வாய்போல் ஆவதையும் அவர்கள் நாக்கே அவர்களுக்குக் கற்பித்திருந்தது. பந்தி முடிந்து வெளியே வந்து, தக்கலைக் கடைவீதியில் ஒரு சாயா வாங்கி வாயில் வைத்தவன், ‘அண்ணே, மதுரம் போடல்லியா?’ என்று கேட்பதும், கடைக்காரர் நாலு கரண்டி போட்டதாகச் சத்தியம் செய்வதும் நம் ஊரில் அடிக்கடி நடப்பவை. இருவர் சொல்வதும் வாஸ்தவம். சாயாவில் சீனி இருக்கிறது. குடிக்கிறவன் நாக்கில் மதுரம் இல்லை.

நம்முடைய இந்திரியங்கள் எல்லாம் மாறுதலை அறிவதற்கென்று அமைந்தவை. மாறாமல் இருப்பதை அவை விரைவில் மறந்துவிடுகின்றன. அத்தர்க் கடைக்காரனுக்கு அத்தர் மணப்பதில்லை. அருவிக் கரையில் குடியிருப்பவனுக்கு அருவியின் ஓசை கேட்பதில்லை. நம் உமிழ்நீரிலேயே உப்பு இருந்தும், பிறந்த நாள் முதல் அதில் நனைந்துகொண்டிருக்கும் நாக்கு அதை உப்பென்று ஒருபோதும் நமக்குச் சொல்வதில்லை. இனிப்புக்கும் இதே விதிதான். நம்பாதவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு தம்ளர் தண்ணீரில் இரண்டு கரண்டி சீனியைக் கரைத்து, ஒரு வாய் எடுத்து, விழுங்காமலும் நாக்கை அசைக்காமலும் ஒரு நிமிஷம் வைத்திருந்தால், அந்தத் தித்திப்பு கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துகொண்டு போவதை உணரலாம். துப்பிவிட்டு உடனே பச்சைத் தண்ணீரைக் குடித்தால், ருசியே அற்றதென்று நாம் எண்ணியிருந்த தண்ணீர் லேசாகக் கசக்கும் அல்லது புளிக்கும். இதற்கு நேர்மாறான அநுபவம் நம் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்தது: நெல்லிக்காயைக் கடித்துத் தின்று தண்ணீர் குடித்தால் தண்ணீர் இனிக்கிறதல்லவா? புளிப்புக்குப் பழகிய நாக்கு, புளிப்பு விலகிய கணத்தில், அந்த விலகலையே இனிப்பாக வாசிக்கிறது.

நாக்கின் சிறு முகிழ்களில் உள்ள சுவையணுக்களின் மேல்தோலில், டி1ஆர்2, டி1ஆர்3 என்று பெயரிடப்பட்ட இரண்டு புரதங்கள் ஜோடியாகச் சேர்ந்து நிற்கின்றன என்பது 2001-ஆம் ஆண்டையொட்டிக் கண்டறியப்பட்டது. கருப்பட்டியானாலும் சீனியானாலும் தேனானாலும் மட்டிப் பழமானாலும், இனிப்பு என்று எதுவும் நமக்குத் தெரியவருவது இந்த ஒரே வாசலின் வழியாகத்தான். சர்க்கரைத் துகள் வந்து பொருந்தியதும் அணுவினுள் ஒரு சலனம் எழுந்து நரம்பில் ஏறுகிறது. ஆனால் துகள்கள் இடைவிடாமல் வந்துகொண்டே இருந்தால் அணு தன் விடையைத் தானே தணித்துக்கொள்கிறது. மங்கல் நேர்வது நாக்கிலா மூளையிலா என்று கேட்பவர்களுக்கு, ஸ்வீடன் தேசத்தில் ஸோட்டர்மான் என்னும் உடலியல் அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் 1960-களில் செய்த ஓர் அற்புதமான காரியம் பாதி விடையைத் தருகிறது. நாக்கின் முன்பகுதியிலிருந்து சுவையை எடுத்துச்செல்லும் நரம்பு, மூளைக்குப் போகும் வழியில் நடுச்செவிக்குள் புகுந்து போகிறது. காது அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள வந்தவர்களிடம், அந்த நரம்பு வெளிப்பட்டுத் தெரிந்த சமயத்தில், நாக்கில் பல ரஸங்களை ஓடவிட்டு நரம்பின் துடிப்பை அவர்கள் அளந்தார்கள். உப்பு நீரைத் தொடர்ந்து ஓடவிட்டபோது நரம்பின் துடிப்பு அடங்கிக்கொண்டே வந்தது. அதே அளவில்தான் மனிதனின் உப்புணர்ச்சியும் அடங்கியது. ஆகவே, மறதியின் ஒரு பங்காவது வாசற்படியிலேயே தொடங்கிவிடுகிறது.

இங்கே ஒரு பேதத்தை நாம் கவனிக்கவேண்டும்; இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அந்தப் பேதந்தான். தமிழில் திகட்டல், தெவிட்டல் என்ற சொற்கள் உண்டு. திகட்டல் என்பது இனிப்பு குறைந்துபோவதன்று. இனிப்பு இருந்தும் அது வேண்டாமற்போவது. மிஷேல் கபனாக் என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர் 1971-ல் எழுதிய ஆய்வில், சிலருக்கு இனிப்பு நீரைக் கொடுத்து ருசித்துத் துப்பச் சொன்னார். சிலரை விழுங்கச் சொன்னார். துப்பியவர்களுக்கு அது கடைசி வரையில் பிரியமாகவே இருந்தது. விழுங்கியவர்களுக்கோ சிறிது நேரத்தில் வெறுப்பாயிற்று. ஆக, திகட்டலைச் சொல்வதில் வயிற்றுக்கும் குரல் உண்டு. அது நமக்குக் கேட்கும் குரல். ‘போதும்’ என்று அது சொன்னதும் நாம் கையை மடக்குகிறோம். மற்றொன்று, நான் மேலே சொன்ன மங்கல். இதற்கு நம் பேச்சில் ஒரு பெயரும் இல்லை. ஏனெனில் அது நேரும்போது நமக்குத் தெரிவதே இல்லை. சாயாவில் சீனி குறைவு என்றுதான் தோன்றுமே தவிர, நம் நாக்கு தேய்ந்துவிட்டது என்று தோன்றாது. திகட்டல் நம்மைக் காக்கிறது. மங்கல் நம்மை ஏமாற்றுகிறது. முன்காலத்து இனிப்பு, திகட்டும் அளவுக்குச் செறிவாக, என்றோ ஒருநாள் வந்தது. இன்றைய இனிப்பு, திகட்டாத அளவுக்கு நீர்த்து, நாள் முழுதும் வந்துகொண்டே இருக்கிறது. வயிறு தடுக்கவேண்டிய இடத்தை அது சந்தடியில்லாமல் கடந்துபோகிறது.

என் பாட்டி கருப்பட்டிக் காப்பி குடித்த விதம் இன்றும் என் கண்முன் நிற்கிறது. சுக்கும் மல்லியும் தட்டிப் போட்ட கடுங்காப்பியில் அவள் இனிப்பைக் கரைக்கமாட்டாள். ஒரு சிறு துண்டுக் கருப்பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ஓரத்தைக் கடிப்பதும், ஒரு மடக்குக் குடிப்பதும், மறுபடியும் ஓரத்தைக் கடிப்பதுமாக, புளியங்கொட்டை அளவுத் துண்டில் ஒரு லோட்டாக் காப்பியை முடித்துவிடுவாள். கருப்பட்டியைக் காப்பியில் போட்டுக் கலக்கிக் கொடு என்று நான் அழும்போதெல்லாம், ‘கலக்குனா மதுரம் தெரியாது மக்களே, கடிச்சுட்டுக் குடி’ என்பாள். அது சிக்கனத்துக்காகச் சொன்ன வார்த்தை என்றே நான் பல காலம் எண்ணியிருந்தேன். சுமார் 2010-ஆம் ஆண்டில் நெதர்லாந்து தேசத்து உணவு விஞ்ஞானிகள், ஒரே அளவுச் சர்க்கரையை ஒரு பண்டம் முழுவதும் சமமாகக் கரைத்து வைப்பதைவிட, அடுக்கடுக்காக, ஓர் அடுக்கில் மிகுந்தும் மற்றோர் அடுக்கில் இல்லாமலும் வைத்தால், உண்பவருக்கு அதிகமாக இனிக்கிறது என்று காட்டியிருப்பதைப் படித்தபோது, பாட்டியின் வாக்கை நினைத்து எனக்கு மெய்சிலிர்த்தது. ஒவ்வொரு மடக்குக் கசப்பும் அவள் நாக்கைத் துடைத்துப் புதிதாக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கடியும் அவளுக்கு முதல் கடியாக இருந்தது.

அந்தக் கருப்பட்டித் துண்டு அவள் கைக்கு வந்த வழியும் எளிதானதன்று. கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் பனையேறுகிறவர் காலையும் மாலையும் மரமேறிப் பாளை சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு வருவார். சுண்ணாம்பு இல்லாவிட்டால் ஊறிய நீர் வெயில் ஏறுமுன் புளித்துக் கள்ளாகிவிடும். நாங்கள் அக்கானி என்று சொல்லும் அந்தப் பதநீரை விடிலியில் பெரிய பாத்திரத்தில் ஊற்றி, பனையோலையும் மட்டையும் எரித்து, புகையில் கண் கரிக்கக் கரிக்கப் பெண்கள் கிண்டிக்கொண்டிருக்க, சுமார் எட்டுப் பங்கு நீர் வற்றி ஒரு பங்கு கருப்பட்டியாகும் பதத்தில் சிரட்டைகளில் வார்ப்பார்கள். இத்தனை உழைப்பும் ஒரு பருவகாலமும் சேர்ந்து உண்டாக்கிய பொருளை வீட்டில் எண்ணித்தான் எடுத்தார்கள். அபூர்வமாய் வந்ததால் நாக்கு அதை மறக்க நேரமில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: கருப்பட்டி மருந்து போன்றது, நீரிழிவுக்காரரும் தாராளமாய் உண்ணலாம் என்று இப்போது விற்பவர்கள் சொல்லும் பேச்சை நம்பவேண்டாம். அதில் மிகப் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். பாட்டியைக் காத்தது கருப்பட்டியின் குணமன்று, துண்டின் அளவு.

இன்று நம் ஊரில் ஒருவர் ஒரு நாளில் உண்ணும் இனிப்பைக் கணக்கிடுவோம். ஒரு கரண்டி சீனி நாலைந்து கிராம் என்றால், இரண்டு கரண்டி போட்ட சாயா ஒன்றுக்குப் பத்து கிராம். தக்கலைப் பேருந்து நிலையத்துக்கு வந்து போகும் ஒருவர் காலை முதல் மாலை வரையில் நான்கு சாயா குடித்தால் நாற்பது கிராம். இடையில் ஒரு குளிர்பானப் புட்டி உடைத்தால் இன்னும் முப்பது. இவற்றில் ஒன்றையும் அவர் இனிப்புத் தின்றதாகக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட அறிவுரையில், உணவில் சேர்க்கும் சர்க்கரை மொத்தச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே, அதாவது சுமார் ஐம்பது கிராமுக்குள் இருக்கவேண்டும் என்றும், இருபத்தைந்து கிராமுக்குள் நிறுத்தினால் மேலும் நன்று என்றும் கூறியிருக்கிறது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வு, நம் தேசத்தில் 10 கோடிக்கும் அதிகமானோர் நீரிழிவுடனும், 13 கோடிக்கும் அதிகமானோர் அதன் வாயிலிலும் இருப்பதாக மதிப்பிட்டது. இதற்குக் காரணம் சீனி ஒன்றே என்று சொல்வது பிழை. வெள்ளை அரிசியும் அசையாத வாழ்க்கையும் பரம்பரையும் அதில் பங்கு உடையவை. ஆயினும் அந்த எண்ணைப் படித்துவிட்டு நாலாவது சாயாவைக் கையில் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நிமிஷக் கணக்கில் நேரும் மங்கலைப் பற்றிச் சந்தேகமில்லை. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் இனிப்பில் ஊறிய நாக்கு நிரந்தரமாகவே மங்குகிறதா என்பதுதான் இன்றைய விஞ்ஞானிகள் விசாரிக்கும் விஷயம். மிசிகன் பல்கலைக்கழகத்தில் மோனிகா டஸ் என்ற பெண் விஞ்ஞானியும் அவர் குழுவினரும் 2019-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பழத்தை மொய்க்கும் சிறு ஈக்களுக்கு மிகுந்த சர்க்கரை உணவைக் கொடுத்தபோது, அவற்றின் சுவை நரம்புகள் இனிப்புக்கு மந்தமாயின. மந்தமானதால் ஈக்கள் மேலும் அதிகமாக உண்டன. ஈ பருத்திருந்தாலும் மெலிந்திருந்தாலும் இது நேர்ந்தது. 2022-ல் எலிகளைக் கொண்டு செய்த ஆய்வில், நான்கு வாரம் சர்க்கரை நீர் குடித்த எலிகளின் நாக்கு நரம்பு இனிப்புக்குக் குறைவாகவே துடித்தது. சர்க்கரையை நிறுத்தியதும் பழைய சக்தி மீண்டது. மனிதர் விஷயத்தில், பிலடெல்பியா நகரத்து மோனெல் ஆராய்ச்சி நிலையத்தார் 2016-ல் வெளியிட்ட ஆய்வே என் மனத்தை மிகவும் கவர்ந்தது. அவர்கள் சிலரை மூன்று மாத காலம் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் சக்தியில் நாற்பது சதவிகிதத்தைக் குறைத்துக்கொள்ளச் செய்தார்கள். முதல் மாதத்தில் குறிப்பிடத்தக்க மாறுதல் ஒன்றும் இல்லை. இரண்டாம், மூன்றாம் மாதங்களில், முன்பு ருசித்த அதே பண்டம் அவர்களுக்கு முன்னிலும் அதிகமாக இனித்தது. பழையபடி உண்ணலாம் என்று விட்டதும் பழைய நாக்கு திரும்பிவிட்டது.

இந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் வெகு சிலரே என்பதையும், அவர்களுக்கு இனிப்பின் தீவிரம் மாறியதேயன்றி அதன்மேலுள்ள பிரியம் மாறவில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. நெதர்லாந்து தேசத்து வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் 180 பேரைக் கொண்டு ஆறு மாதம் நடத்தி 2025-ல் வெளியான பெரிய ஆய்வில், இனிப்புப் பண்டங்களை மிகுதியாக உண்டவர், நடுத்தரமாக உண்டவர், குறைத்து உண்டவர் என்று எவருக்கும் இனிப்பின்மேலுள்ள ஆசையில் வேறுபாடு தோன்றவில்லை. எனக்கு இது ஒருவகையில் ஆறுதலாகவே இருக்கிறது. முலைப்பாலில் நூற்றுக்கு ஏழு பங்கு பாற்சர்க்கரை இருக்கிறது; அதைப் பருகி வளர்ந்த பிராணிக்கு இனிப்பின் ஆசை பிறவியோடு வந்த சுபாவம், எளிதில் அழியாது. நாம் கேட்கவேண்டியது ஆசையைக் கொல்வது எப்படி என்பதன்று. ஆசை நிறைவதற்கு எத்தனை கரண்டி வேண்டியிருக்கிறது என்பதே. இரண்டு கரண்டியில் அடைந்த அதே சுகத்தை ஒரு கரண்டியில் அடைய முடியுமானால் அதில் இழப்பு ஏது?

இனிப்பு பொருளில் இருக்கிறதா, நாக்கில் இருக்கிறதா என்ற கேள்விக்குப் பிரத்தியக்ஷமான விடை நம் வேலியோரத்திலேயே படர்ந்து கிடக்கிறது. சிறுகுறிஞ்சான் என்றும் சர்க்கரைக்கொல்லி என்றும் வழங்கும் கொடியின் இரண்டு இலைகளை மென்று துப்பிவிட்டுச் சீனியை வாயில் போட்டால், அது ஆற்று மணல்போல் ருசியற்று நெறுநெறுக்கும். 1847-ல் எட்ஜ்வொர்த் என்ற அயர்லாந்துக்காரர் இதை லண்டனில் தாவர அறிஞர்களுக்குத் தெரிவித்தார். நாற்பது வருஷம் கழித்து, உதகமண்டலத்தில் சிங்கோனாப் பட்டையைச் சோதிக்கும் அரசாங்க ரசாயனராக இருந்த டேவிட் ஹூப்பர் அந்த இலைகளை ஆராய்ந்து, இந்தச் செயலுக்குக் காரணமான அமிலத்தைப் பிரித்தறிந்து, 1887-ல் எழுதினார். இலையை மென்றபின் ஆரஞ்சுப் பழத்தின் இனிப்பு மறைந்து புளிப்பு மட்டும் நின்றதை அவர் கண்டார். அந்த அமிலம் சுவையணுவிலுள்ள டி1ஆர்3 புரதத்தைப் பற்றிக்கொண்டு வாசலை அடைத்துவிடுகிறது என்பது இந்நாளில் தெரிந்திருக்கிறது. சீனி சீனியாகவே இருக்கிறது. அரைமணி நேரம் உலகத்தில் இனிப்பே இல்லை. நான் முதன்முதலில் இதைச் செய்து பார்த்த அன்று, இனிப்பு என்பது எவ்வளவு மெல்லிய ஓர் ஏற்பாட்டில் தங்கியிருக்கிறது என்று நினைத்து, சற்று நேரம் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சுவையணு ஒன்றின் ஆயுள் சராசரியாகப் பத்து நாள். பழையது உதிரப் புதியது முளைக்கிறது. இது தெரிந்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. சாயாவில் இரண்டு கரண்டி போட்டுக் குடித்துக்கொண்டிருந்தவன், ஒரேயடியாக நிறுத்தாமல், பதினைந்து நாளைக்குக் கால் கரண்டியாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். அவ்வளவு சிறிய வித்தியாசத்தை நாக்கு அதிகமாகப் பொருட்படுத்துவதில்லை. முதல் மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் மாதம் ஒரு கரண்டியில் நின்றபோது, கல்யாண வீடொன்றில் வழக்கம்போல் கலந்து கொடுத்த காப்பியை ஒரு மடக்குக்குமேல் குடிக்க முடியாமல் வைத்துவிட்டேன். பிறகு ஒருநாள் பாட்டி செய்ததுபோலக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு கடுங்காப்பி குடித்துப் பார்த்தேன். கருப்பட்டியில் இனிப்போடு கூடவே மெல்லிய புகைமணமும், அடியில் ஓர் உப்புத்தன்மையும், சுண்ணாம்பின் லேசான காரமும் இருப்பதை, அறுபது வயதுக்கு மேல் அன்றுதான் மறுபடியும் அறிந்தேன். சிறுவனாக இருந்தபோது அவை எனக்குத் தெரிந்திருந்தன.

சென்ற மாதம், எட்டு மாதம் நிரம்பிய என் பேத்திக்கு மருமகள் மட்டிப் பழம் மசித்துக்கொண்டிருந்தாள். கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்றாலும், எங்கள் பக்கத்துத் தாய்மார்கள் குழந்தையின் முதல் ஆகாரத்துக்கு அதைத் தேடிப்போவது எத்தனையோ தலைமுறையாக உள்ள வழக்கம். பழைய ஞாபகத்தில், ‘கொஞ்சம் சீனி சேர்க்கல்லியாம்மா?’ என்று கேட்டுவிட்டேன்.

‘எதுக்கு மாமா? மட்டியிலேயே மதுரம் இருக்குல்லா?’ என்றாள்.

குழந்தை முதல் கரண்டியை வாங்கி, கண்ணை அகலத் திறந்து, சற்று நேரம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, பிறகு கரண்டியைத் தேடிக் கையை நீட்டிற்று. தோலில் ஒட்டிக்கொண்டிருந்த மீதியை நான் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.